கயிறு எழும்பும்போது கால் எழும்புமா?

வயதானவர்களின் நடை, தடுமாற்றம், விழுதல் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். ராமநாதபுரம் கடலோரத்திலிருந்துதான் கடிதங்கள் அதிகம் வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டோம். முதியோர் நல மருத்துவர் ஒருவரும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 69 வயது. நாட்டுப் படகில் தொழிலுக்குப் போனவர். இப்போது கரையில் வலை பிரிப்பது, மீன் எடுப்பது மட்டும்தான். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரை விறுவிறுவென்று நடக்கிறார். ஆனால் கரையில் ஆறு மாதத்துக்குள் இரண்டு முறை நங்கூரக் கயிறு தடுக்கி விழுந்துவிட்டார். பி.பி., சர்க்கரை, கண் எல்லாம் பார்த்தாயிற்று, குறை ஒன்றும் இல்லை என்கிறார்கள். அப்புறம் ஏன் விழுகிறார்?
— வாசகி, பாம்பன்

பதில்: பஸ் ஸ்டாப்புக்குப் போகிற நடை வேறு, கரையில் நடக்கிற நடை வேறு. சமமான சாலையில் ஒரே மாதிரி அடியெடுத்து வைத்தால் போதும். அந்த நடை எழுபதைத் தாண்டியும் பலருக்கு நன்றாகவே இருக்கும். தரையில் என்ன வருகிறதோ அதற்குத் தக்கபடி அடியை நீட்டுவது, குறுக்குவது, உயர்த்துவது, சட்டென்று பக்கவாட்டில் போடுவது தனித் திறமை. வயது முதலில் கை வைப்பது அதில்தான். பரிசோதனை அறையின் டைல்ஸ் தரையில் அது தெரிய வராது.

நடக்கும்போது பின்னாலிருந்து முன்னால் வீசும் கால் நடுவழியில் தரையை ஒட்டியே போகும். கால் நுனிக்கும் தரைக்கும் அப்போது இருக்கும் இடைவெளி 1 முதல் 2 செ.மீ.தான். பாதம் மிக வேகமாகப் போவதும் கிட்டத்தட்ட அந்தக் கணத்தில்தான். அங்கே ஒரு கயிறு கிடந்தால் தடுக்கும். இளவயதில் மூளை இரண்டு எட்டு முன்னாலேயே கயிற்றைப் பார்த்து அடியின் நீளத்தை மாற்றி வைத்துவிடும். வயதானாலும் இந்த முன்யோசனை போவதில்லை. கொஞ்சம் வேகத்தைக் குறைத்துக்கொண்டு சமாளித்துவிடுவார்கள். சிக்கல் வருவது கடைசி நொடியில் மாற்ற வேண்டியிருக்கும்போது. கால் தூக்கிய பிறகு தடை தெரிந்தால், அந்தக் காலைத் திருப்பிவிட ஒரு நொடியில் சிறு பங்குதான் கிடைக்கும். கண்ணிலிருந்து மூளைக்கும் மூளையிலிருந்து காலுக்கும் செய்தி போவது மெதுவாகிவிட்டது. சட்டென்று சுருங்கும் தசை நார்களும் குறைந்துவிட்டன. நினைத்து முடிப்பதற்குள் கால் போய்விடுகிறது.

உங்கள் அப்பா தாண்டுவது சாதாரணக் கயிறும் அல்ல. அலை உள்ளே வரும்போது படகு கரைப் பக்கம் நகரும், கயிறு தளர்ந்து மணலோடு கிடக்கும். அலை திரும்பும்போது படகு பின்னால் இழுபடும், கயிறு விறைத்து ஒரு சாண் எழும்பும். மணலில் கிடக்கிறது என்று பார்த்துக் காலைத் தூக்கியவருக்குக் கால் போகிற நேரத்தில் கயிறு முழங்காலுக்குக் கீழே நிற்கும். கையில் மீன் கூடை இருந்தால் காலடியே தெரியாது. கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கிற மாதங்களில் கண்ணையும் பாதி மூடிக்கொண்டுதான் நடப்பார்.

எந்தக் கால் மாட்டியது என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். பின்கால் என்றால் அது பலருக்கும் நடப்பதுதான். முன்காலைக் கண் பார்க்கிறது. பின்கால் தாண்டுவதை யாரும் பார்ப்பதில்லை, நினைவில்தான் தாண்டுகிறோம். வயதானவர்கள் முன்காலைக் கயிற்றுக்கு மிக அருகிலேயே வைத்துவிடுவதும் உண்டு. அப்போது குதிகால் கயிற்றில் உரசும், பின்காலுக்கும் இடம் போதாது.

இனி இப்படிச் செய்யச் சொல்லுங்கள். கயிற்றுக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிட வேண்டும். கூடை இருந்தால் இடுப்புக்குப் பக்கவாட்டில் மாற்றிக்கொள்ள வேண்டும். கயிறு ஒரு தடவை விறைத்துத் தளரும்வரை பார்க்க வேண்டும். தளர்ந்ததும் முன்காலைத் தாராளமாகத் தள்ளி வைத்து, அது மணலில் ஊன்றும்வரை கண்ணை அங்கிருந்து எடுக்கக் கூடாது. பிறகு பின்காலை முழங்காலை மடக்கி, குதிகால் பின்பக்கம் உயர்கிற மாதிரி எடுக்க வேண்டும். கயிற்றை மிதித்துத் தாண்டுவது மிக மோசம். உருண்டுவிடும், இல்லை தூக்கிவிடும். தாண்டுகிற இடமும் முக்கியம். கரையில் நங்கூரம் புதைந்திருக்கும் முனைக்குப் பக்கத்தில் கயிறு அதிகம் எழும்பாது. படகை நெருங்க நெருங்க உயரம் கூடும். அந்த முனையில் ஒரு வெள்ளைத் துணியோ பழைய மிதவையோ கட்டிவைத்தால் அவருக்கு மட்டுமல்ல, அங்கே நடக்கிற எல்லோருக்கும் உதவும்.

"பார்த்து நடங்க" என்று நாம் சொல்வது சரிதான், ஆனால் பாதி அறிவுரைதான். எதை, எதுவரை பார்ப்பது என்றும் சொல்ல வேண்டும். விழும் அபாயம் அதிகமுள்ள முதியவர்கள், கால் ஊன்றுவதற்கு முன்பே கண்ணை அடுத்த தடைக்குத் தாவவிடுகிறார்கள் என்று நடை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அடுத்தது என்ன என்ற பதற்றத்தில் இந்த அடி தப்பிவிடுகிறது.

கேள்வி: வயசானால் விழுவது சகஜம்தானே? இதற்கெல்லாம் டாக்டரா?
— வாசகர், மூக்கையூர் சாலை, சாயல்குடி

பதில்: சகஜம்தான். 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார். உலக சுகாதார நிறுவனக் கணக்கில், விழுந்ததால் உயிரிழப்பவர்கள் உலகெங்கும் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர். ஓராண்டில் இரண்டு முறை விழுந்தவரும், ஒரே முறை என்றாலும் அடிபட்டவரும், எழுந்திருக்க முடியாமல் கிடந்தவரும் கட்டாயம் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: மணலில் நடந்தால் கால் பலப்படும் என்று தினமும் மாமனாரைக் கடற்கரைக்கு அழைத்துப் போகிறோம். அவருக்கு 73 வயது. சரிதானா?
— வாசகி, தங்கச்சிமடம்

பதில்: எந்த மணல் என்பதைப் பொறுத்தது. கால் புதையும் காய்ந்த மணலில், அதே வேகத்தில் கெட்டித் தரையில் நடப்பதைவிட 2 மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். பத்து நிமிடத்தில் களைத்துவிடுவார். களைத்த காலின் நுனி சரியாக உயராது. திரும்பி வருகிற வழியில்தான் விழுவார்கள். அலை நனைத்து இறுகிய ஈர மணல் நல்லது, ஆனால் அது கடலை நோக்கிச் சரிந்திருக்கும். போகும்போது ஒரு கால் பள்ளம், வரும்போது மறு கால் பள்ளம். இடுப்பு வலி உள்ளவருக்கு இது ஒத்துக்கொள்ளாது. முதல் இரண்டு வாரம் ஈர மணலில் ஐந்து நிமிடம், மீதி கெட்டித் தரையில். காய்ந்த மணலில் பத்து இருபது அடி மட்டும், யாராவது பக்கத்தில் வர. அவருக்கு இதய நோய் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் மணலில் இறங்க வேண்டாம்.

கேள்வி: என் உம்மாவுக்கு 72 வயது. 18 வருடமாகச் சர்க்கரை. ஒளு (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவது) செய்கிற இடத்தில் இரண்டு முறை வழுக்கிவிட்டார்கள், அதில் ஒன்று சுபுஹு (விடிகாலைத் தொழுகை) நேரத்தில். "கால் தரையில இருக்கிறதே தெரியல" என்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்து தொழச் சொல்லலாமா? அவர்களுக்கு மனமில்லை.
— வாசகர், கீழக்கரை

பதில்: "கால் தரையில இருக்கிறதே தெரியல" என்பதில் நோய் முழுவதும் இருக்கிறது. நீண்ட நாள் சர்க்கரை பாதத்தின் நரம்புகளைக் கெடுக்கும். நிற்கும்போது உடல் முன்னே பின்னே லேசாக ஆடுவதைப் பாதத்தின் தொடு உணர்ச்சிதான் மூளைக்குச் சொல்கிறது. அது போனால் கண்ணை மட்டும் நம்பி நிற்க வேண்டியிருக்கும். இருட்டில் அந்தக் கண்ணும் இல்லை. சுபுஹு நேரத்தில் விழுந்ததற்குக் காரணம் இதுதான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். உம்மாவைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். இரண்டு காலிலும் கட்டை விரல், நடு விரல், சுண்டு விரல், ஆக ஆறு விரல் நுனிகளை உங்கள் ஆள்காட்டி விரலால் ஒவ்வொன்றாக, ஒரு நொடியோ இரண்டு நொடியோ லேசாகத் தொடுங்கள். அழுத்தவோ தடவவோ கூடாது. எந்தக் கால் என்று அவர்கள் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது. டாக்டரிடம் போனால் நைலான் இழையாலும் அதிரும் கவையாலும் உறுதி செய்வார்.

ஒளு செய்கிற இடத்தை மாற்றியமையுங்கள். முகம், கை கழுவும்போது வருவதைவிடக் கால் கழுவும்போது வருகிற ஆபத்துதான் பெரிது. ஒரு காலைத் தூக்கிக் குழாய்க்கு நீட்டும்போது, உணர்ச்சி குறைந்த மற்றொரு கால் ஈரத் தரையில் தனியாக நிற்கிறது, உடம்பும் குனிந்திருக்கிறது. சுமார் 45 செ.மீ. உயரத்தில், நகராத இருக்கை ஒன்று போட்டு, உட்கார்ந்தபடியே செய்யட்டும். பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டாம். ஈரத்தில் அதன் கால் விரியும். சுவரில் இடுப்பு உயரத்தில் கைப்பிடிக் கம்பி வையுங்கள். துண்டு மாட்டும் கம்பி ஆள் கனத்தைத் தாங்காது. படுக்கையிலிருந்து அங்கே போகும் வழி முழுக்க இரவெல்லாம் சிறு எல்.இ.டி. விளக்கு எரியட்டும். பளிச்சென்ற ஒரு விளக்கைத் திடீரென்று போட்டால் வயதான கண் அதற்குப் பழக நேரமாகும், அந்த இடைவெளியிலும் விழலாம்.

நாற்காலித் தொழுகைக்கு மார்க்கத்தில் சலுகை இருப்பது உங்களுக்கே தெரியும். எங்கள் பார்வையில், உம்மாவுக்கு மனமும் மூட்டும் இடம் கொடுத்தால் தரையில் தொழுவதை முழுவதும் நிறுத்த வேண்டாம். குனிந்து, தரைக்குப் போய், மறுபடி எழுவது தொடைக்கும் இடுப்புக்கும் கிடைக்கிற அருமையான பயிற்சி. நிறுத்திய சில மாதங்களில் அந்தத் திறமை போய்விடும். பக்கத்தில் கனமான மரக் கட்டிலோ பெட்டியோ இருக்கட்டும், அதைப் பிடித்து எழட்டும். தலைசுற்றல் இருந்தாலோ, சமீபத்தில் கண்ணில் ஆபரேஷன் நடந்திருந்தாலோ, விழித்திரையில் ரத்தக் கசிவு என்று டாக்டர் சொல்லியிருந்தாலோ, அவர் சொல்கிறவரை நாற்காலிதான்.

செருப்பு: ரப்பர் ஹவாய் செருப்பைக் கட்டை விரலால் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். உணர்ச்சியில்லாத விரல் பிடிக்காது. செருப்பு கழன்று குறுக்கே விழும். பின்னால் வார் உள்ள, அடிப்பாகம் மெல்லியதாகவும் உறுதியாகவும் உள்ள செருப்பு வாங்குங்கள். மெத்து மெத்தென்ற தடித்த அடிப்பாகம் சுகமாக இருக்கும், ஆனால் மிச்சமிருக்கும் உணர்ச்சியையும் மழுங்கடித்துவிடும்.

கேள்வி: நாங்கள் பாசி எடுக்கப் போகிறவர்கள். எனக்கு 61 வயது. இடுப்பளவு தண்ணீரில், பாறையில் நாலு மணி நேரம் நின்றாலும் ஒன்றும் இல்லை. கரையேறினதும் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது. ஒரு தடவை உட்கார்ந்தேவிட்டேன்.
— வாசகி, பாம்பன் பகுதி

பதில்: தண்ணீருக்குள் நிற்கும்போது நீரின் அழுத்தம் உங்கள் கால்களைச் சுற்றிப் பிடித்து ரத்தத்தை மேலே ஏற்றிவிடுகிறது. கரையேறியதும் அந்தப் பிடி விட்டுப்போகிறது, ரத்தம் காலுக்கு இறங்குகிறது. இளவயதில் இதயமும் ரத்தக் குழாயும் நொடியில் சமாளிக்கும், வயதானால் தாமதமாகும். நாலு மணி நேரம் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் வெயிலில் நின்றதும் சேர்ந்துகொள்கிறது. பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் இன்னும் கூடும்.

சுகாதார நிலையத்தில் இப்படி அளக்கச் சொல்லுங்கள்: ஐந்து நிமிடம் படுத்த பிறகு ஒரு முறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்று நிமிடத்தில் ஒரு முறை. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் இந்தத் தலைசுற்றலுக்குக் காரணம் கிடைத்தது. உட்கார்ந்து ஒரே தடவை அளந்துவிட்டு "நார்மல்" என்று அனுப்பினால் இது அகப்படாது. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். நேரத்தையோ அளவையோ டாக்டர் மாற்றுவார்.

கடலிலிருந்து ஒரேயடியாக ஏறாதீர்கள். முழங்கால் அளவு தண்ணீரில் இரண்டு நிமிடம் நின்று, குதிகாலை இருபது தடவை உயர்த்தி இறக்குங்கள். கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளும். பாசிச் சாக்கைத் தோளில் ஏற்றுவது அதற்கப்புறம். போகும்போது ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்துப் போங்கள். உப்பும் மோரும் சேர்த்தால் இன்னும் நல்லது. உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால் வெறும் தண்ணீர். கண் இருட்டினால் உடனே உட்காருங்கள், முடிந்தால் படுங்கள். நீங்கள் அன்று உட்கார்ந்தது சரியான காரியம்.

கேள்வி: மேலே தூரம், கீழே படிப்பு என்று இரண்டும் சேர்ந்த கண்ணாடி போட்ட பிறகு படியில் தடுமாறுகிறேன். வயது 66.
— வாசகர், தொண்டி

பதில்: படியைப் பார்க்கக் குனியும்போது கண் கீழ்ப் பாதி வழியாகப் பார்க்கிறது. அது ஒரு முழ தூரத்தில் பேப்பர் படிக்கச் செய்த கண்ணாடி. உங்கள் காலடி ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கிறது. மங்கலாகத்தான் தெரியும், படியின் ஓரமும் இடம் மாறித் தெரியும். வெளியே போவதற்கென்று தூரப் பார்வை மட்டும் உள்ள கண்ணாடி ஒன்று தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுப் படிகளின் விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடியுங்கள். படிகளின் உயரத்தையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். நம் ஊர் மாடிப்படிகளில் கடைசிப் படியோ முதல் படியோ மட்டும் ஓரிரு செ.மீ. கூடக் குறைய இருப்பது வழக்கம். கால் முந்தைய படியின் உயரத்தை நம்பித்தான் அடுத்ததற்குப் போகிறது.

கேள்வி: சென்னையிலிருந்து அம்மாவும் (74) அத்தையும் (70) ராமேஸ்வரம் வருகிறார்கள். 22 தீர்த்தமும் ஆட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அம்மாவுக்கு முழங்கால் வலி, போன வருடம் குளியலறையில் ஒரு தடவை விழுந்திருக்கிறார். எப்படி அழைத்துப் போவது?
— வாசகி, ராமேஸ்வரம்

பதில்: அழைத்துப் போகலாம். ஆனால் சாதாரண நடையைக் கெடுக்கக்கூடிய எல்லாமே அங்கே ஒரே இடத்தில் கூடியிருக்கின்றன என்பதை மனதில் வையுங்கள்.

அக்னி தீர்த்தத்தில் கடல் குளியல் முடித்து ஈரப் புடவையோடு கோயிலுக்குள் வருவார்கள். நனைந்த புடவை காலோடு ஒட்டிக்கொள்ளும். அடியின் நீளம் தானாகவே குறையும், கால் உயராது. தரை ஈரக் கல். கிணற்றுக்குக் கிணறு ஓட்டமும் நடையுமாகக் கூட்டம் போகும். கிணற்றடியில் நிற்கும்போது வாளித் தண்ணீர் தலையில் விழுகிறது. அந்த நொடியில் கண் மூடியிருக்கிறது, முகம் குனிந்தோ நிமிர்ந்தோ இருக்கிறது, கை இரண்டும் கூப்பியிருக்கிறது, தண்ணீரின் வேகம் தோளைத் தள்ளுகிறது. நிலை தடுமாறாமல் இருக்கக் கண்ணும் உள்காதும் பாதமும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். அங்கே மூன்றும் ஒரே நேரத்தில் பலவீனமாகின்றன.

அதனால் ஒருவருக்கு ஒருவர் என்று துணை வேண்டும். இரண்டு பேரை ஒருவர் பிடிக்க முடியாது. துணை, வலி உள்ள பக்கத்தில் அரை அடி பின்னால் தள்ளி வரட்டும். அம்மா துணையின் முன்கையைப் பிடிக்கட்டும். துணை அம்மாவின் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. புடவைக்குப் பதில் கணுக்காலுக்கு மேல் நிற்கும் சுடிதார் நல்லது. புடவைதான் என்றால் கொசுவத்தை நாலு விரல் உயர்த்திக் கட்டுங்கள். தண்ணீர் விழும்போது ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, தோள் அகலத்துக்கு. ஒரு கை கும்பிட்டால் போதும், மறு கை துணையின் தோளில். தண்ணீர் விழுந்ததும் நகராமல் முகத்தைத் துடைத்து, கண்ணைத் திறந்து, மூன்று எண்ணிவிட்டு அடியெடுக்கட்டும். பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்துவார்கள், படுத்தட்டும்.

விடிகாலைக் கூட்டத்தையும் அமாவாசை நாட்களையும் தவிருங்கள். வெறும் வயிற்றில் போகாதீர்கள், முந்தின இரவு தூக்க மாத்திரை போட்ட காலையிலும் வேண்டாம். உடை மாற்றும்போது ஒரு காலில் நிற்காமல் உட்கார்ந்து மாற்றட்டும். எல்லாக் கிணறும் முடிந்து, ஈரம் சொட்டச் சொட்ட, பசியோடு, "அப்பாடா" என்று அசட்டையாக நடக்கிற அந்தக் கடைசி நூறு அடியில் துணை கையை விடவே கூடாது. பத்துக் கிணற்றோடு அம்மாவுக்கு மூச்சு வாங்கினால் மீதித் தீர்த்தங்களைக் கையில் வாங்கித் தலையில் தெளித்துக்கொள்ளலாம் என்பது எங்கள் கருத்து. சாஸ்திரம் தெரிந்தவர்களையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு விழும் அபாயம் இருக்கிறதா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள முடியுமா? இருந்தால் என்ன பயிற்சி செய்வது?
— வாசகர் (67), தேவிபட்டினம். இதே கேள்வி பெரியபட்டினம், மண்டபத்திலிருந்தும்.

பதில்: முடியும். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும், செல்போனில் நேரம் பார்க்க வேண்டும்.

முதலில் கைப்பிடி இல்லாத நாற்காலி, உயரம் சுமார் 43 செ.மீ., சுவரோடு ஒட்டிப் போட்டது. கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது? அமெரிக்காவில் பயன்படுத்தும் அட்டவணைப்படி 65 முதல் 69 வயது ஆணுக்கு 12-க்குக் கீழும், பெண்ணுக்கு 11-க்குக் கீழும் வந்தால் கால் பலம் குறைவு. அடுத்தது, ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் விரலைத் தொடும்படி ஒரே கோட்டில் நில்லுங்கள். 10 நொடி நிற்க முடியவில்லை என்றால் அபாயம் இருக்கிறது. மூன்றாவது, நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காருவது. 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும்.

இந்த மூன்றாவது சோதனையை இன்னொரு தடவை, மீன் பெயர்களைச் சொல்லிக்கொண்டே செய்து பாருங்கள்: சூடை, சாளை, பாறை, சீலா, விளமீன்... ஒன்றும் திரும்ப வரக் கூடாது. பேச்சு வரும்போது நடை நின்றுவிடுகிறதா, நேரம் மிகவும் கூடுகிறதா? அப்படியென்றால் உங்கள் நடைக்கு மூளையின் கவனம் முழுவதும் தேவைப்படுகிறது. சந்தையில் யாராவது கூப்பிட்டுத் திரும்பும்போது விழுகிறவர்கள் இவர்கள்தான். பேசினால் நடையை நிறுத்திவிடும் முதியவர்கள் அதிகம் விழுகிறார்கள் என்று 1997-லேயே ஸ்வீடன் நாட்டு ஆய்வு ஒன்று சொன்னது.

இனிப் பயிற்சி. காலையும் மாலையும் வாக்கிங் போனால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். வாக்கிங் இதயத்துக்கு நல்லது, ஆனால் விழாமல் காப்பதற்கு அது மட்டும் போதாது. நிலை தடுமாறும் எல்லைவரை உடம்பைக் கொண்டுபோய்ப் பழக்க வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019-ஆம் ஆண்டுத் தொகுப்பில், உடற்பயிற்சி விழுதலின் எண்ணிக்கையை 23 சதவீதம் குறைத்தது. நிலைப் பயிற்சி சேர்ந்த திட்டங்கள்தான் அதில் முன்னால் நின்றன. வாரத்துக்கு மூன்று மணி நேரம், அதாவது தினம் அரை மணி, ஆறு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்குள் வித்தியாசம் தெரியும், நிறுத்தினால் போய்விடும்.

முதல் பத்து நிமிடம் பலத்துக்கு. சமையல் மேடையைத் தொட்டுக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது 10, முன்பாதத்தை உயர்த்தி இறக்குவது 10, நாற்காலியிலிருந்து எழுவது 10, இரண்டு சுற்று. முன்பாதத்தை உயர்த்துவதை யாரும் செய்வதில்லை; தடுக்காமல் காப்பது அந்த முன்னங்கால் தசைதான்.

அடுத்த இருபது நிமிடம் அடியை மாற்றப் பழக. முற்றத்தில் செங்கல் துண்டாலோ சாக்பீஸாலோ பாத அளவில் பத்துக் கட்டம் போடுங்கள். கோலப்பொடி வேண்டாம், சிமென்ட் தரையில் வழுக்கும். கட்டங்களுக்கு நடுவே இடைவெளி ஒரே மாதிரி இருக்கக் கூடாது: ஒன்று 30 செ.மீ., அடுத்தது 50, அடுத்தது 40, சில கட்டங்கள் இடப்புறம் தள்ளி. ஒவ்வொரு கட்டத்திலும் கால் ஊன்றும்வரை அதையே பாருங்கள். ஒரு வாரம் கழித்துப் பேரனோ பேத்தியோ ஓரத்தில் நின்று, நீங்கள் காலைத் தூக்கும் நேரத்தில் "இடது", "வலது", "நில்" என்று சொல்லட்டும். தப்பாகத்தான் போகும். அந்தத் தப்பில்தான் பழக்கம் இருக்கிறது. அதற்கும் அடுத்து, சுருட்டிய துண்டைக் குறுக்கே போட்டுத் தாண்டுவது. முதலில் 5 செ.மீ., பிறகு தலையணை உயரம். செங்கல், கட்டை வைக்காதீர்கள். இடறினால் நகர்ந்துகொடுக்கும் பொருளாக இருக்க வேண்டும். கடைசியாகக் கையில் காலிக் குடத்தோடு அதே பயிற்சி. குடத்தை இடுப்பில் வைத்தால் உடம்பு ஒரு பக்கம் சாயும், காலடியும் மறையும். தண்ணீர் எடுக்கத் தள்ளுவண்டி இருக்கிற வீட்டில், 60 தாண்டியவர்கள் இடுப்பில் குடம் தூக்குவதை விட்டுவிடலாம்.

உதவிக்கு நிற்பவர் பக்கவாட்டில் சற்றுப் பின்னால் நிற்கட்டும். பயிற்சி செய்பவர் இடுப்பில் கனமான துண்டை இறுக்கிக் கட்டினால் பிடிக்க வசதி. வீட்டில் யாரும் "திடீரென்று தள்ளிப் பார்க்கிறேன்" என்று இறங்க வேண்டாம். தள்ளியும் வழுக்கவைத்தும் பழக்கும் முறை உண்டு, நல்ல பலனும் உண்டு; ஆனால் உடம்பைக் கயிற்றுப் பட்டையில் தொங்கவிட்டு, தெரிந்தவர்கள் செய்விப்பது அது. நடமாட முடியாதவர்களுக்கு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி உண்டு. ஊர்ச் சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: வைட்டமின் டி ஊசி ஒன்று போட்டால் விழமாட்டார்கள் என்கிறார்களே?
— வாசகி, உச்சிப்புளி

பதில்: குறைபாடு இருந்தால் சரிசெய்ய வேண்டும். ஆனால் ஒரேயடியாக அள்ளிக் கொடுப்பது ஆபத்து. ஆஸ்திரேலியாவில் 70 வயது தாண்டிய பெண்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். 2010-இல் வந்த முடிவு: கொடுக்கப்பட்டவர்கள்தான் அதிகம் விழுந்தார்கள், எலும்பு முறிவும் அவர்களுக்கே அதிகம். ரத்தத்தில் அளவு பார்த்து, டாக்டர் சொல்லும் சிறு அளவு போதும்.

கேள்வி: ஐயாவுக்கு வலது முழங்கால் தேய்மானம். கம்பை வலது கையில்தான் பிடிக்கிறார். மணலில் கம்பு புதைகிறது.
— வாசகர், ஏர்வாடி

பதில்: இடது கையில் பிடிக்கட்டும். வலது கால் முன்னே போகும்போது இடது கைக் கம்பும் சேர்ந்து போக வேண்டும். அப்போதுதான் வலது காலின் பாரத்தைக் கம்பு வாங்கும். உயரம்: செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அதுவரை. நம் ஊரில் பெரும்பாலான கம்புகள் இதைவிட நீளம். தோள் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். அடி ரப்பர் குப்பியின் வரிகள் தேய்ந்தால் மாற்றுங்கள். சாதாரணக் கம்பு மணலில் புதையத்தான் செய்யும். அடியில் அகலமான ரப்பர் தட்டு மாட்டினால் ஈர மணலில் நிற்கும். காய்ந்த மணலுக்குக் கம்பை நம்ப வேண்டாம், ஆள் துணைதான்.

கேள்வி: அப்பத்தா ஒரு தடவை விழுந்ததிலிருந்து வாசலுக்கே வருவதில்லை. நாங்களும் "உட்காருங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்கிறோம். இன்னொரு தடவை விழுந்தால் எப்படித் தூக்குவது என்றும் பயமாக இருக்கிறது.
— வாசகி, வாலிநோக்கம்

பதில்: பாசத்தில்தான் சொல்கிறீர்கள், ஆனால் அந்த உட்காருதல்தான் அடுத்த விழுதலுக்கு வழி. பயந்து நடப்பவர் உடம்பை விறைத்து, காலைத் தேய்த்து நடப்பார். திண்ணை வரை, கேட் வரை, பக்கத்து வீடு வரை என்று வாரத்துக்கு ஒரு படி கூட்டுங்கள்.

விழுந்தால் முதலில் தூக்காதீர்கள். ஒரு நிமிடம் அப்படியே விட்டு, எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம். நிமிர்த்தவோ, எண்ணெய் போட்டு நீவவோ கூடாது. 108-ஐ அழைத்து, அது வரும்வரை காலுக்கு இருபுறமும் தலையணை வைத்து அசையாமல் வையுங்கள். ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் சாப்பாடு கொடுக்காதீர்கள். இடுப்பு எலும்பு முறிவுக்கு இரண்டு நாளுக்குள் ஆபரேஷன் நடப்பது நல்லது. "வீட்டுல வச்சுப் பார்ப்போம்" என்று ஒரு வாரம் தள்ளுவதில்தான் நுரையீரல் சளியும் படுக்கைப் புண்ணும் வருகின்றன. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அடி இல்லை என்றால் அவரே எழட்டும், நீங்கள் வழி சொல்லுங்கள். பக்கவாட்டில் புரண்டு, முழங்கையை ஊன்றி, நாலு காலில் வரட்டும். ஒரு கனமான நாற்காலியை அவர் முன்னால் கொண்டுவந்து, நகராமல் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு கையையும் அதன் மேல் வைத்து, பலமான காலின் பாதத்தை முன்னே ஊன்றி, எழுந்து, திரும்பி உட்காரட்டும். இன்னொரு நாற்காலியைப் பின்னால் தயாராக வைத்தால் திரும்பவும் வேண்டியதில்லை. அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் அவர் தோளும் போகும், உங்கள் முதுகும் போகும். இதை விழாத நாளிலேயே, பாய் விரித்து, மாதம் ஒரு முறை ஒத்திகை பார்த்துவிடுங்கள். பகலில் தனியாக இருக்கிறவர் என்றால் கழுத்தில் ஒரு விசில் மாட்டிவிடுங்கள். கடல் காற்றில் கூப்பிடு குரல் பக்கத்து வீட்டுக்குப் போகாது, விசில் போகும்.